திசை காட்டும் வலக்கை

ஜாவாவில் யோக்யகர்த்தாவிலிருந்து மாகெலாங் செல்லும் நெடுஞ்சாலையில் முந்திலான் நெருங்கும்போது, சாலையின் இருபுறமும் சிற்பப் பட்டறைகள் தொடங்கிவிடுகின்றன. மெராபி எரிமலை தந்த கருங்கல்தான் அங்குள்ள சிற்பிகளுக்கு மூலப்பொருள். பிள்ளையார், நீரூற்றுத் தொட்டி, தோட்டத்து விளக்குத் தூண், சட்னி அரைக்கும் குழிக்கல் என்று எல்லாமே வெயிலில் வரிசையாக நிற்கின்றன. எண்ணிக்கையில் முந்துபவர் புத்தர். அவரிலும் முழு உருவங்களுக்குப் போட்டியாக வெறும் தலைகள். விடுதி வரவேற்பறைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் வாங்குகிறவர்களுக்கு வேண்டியது அந்த முகம் மட்டும்தான்: பாதி மூடிய இமை, சுருள்முடி, உதட்டோரத்தில் சிரிப்பென்று சொல்லிவிட முடியாத ஏதோ ஒன்று. கழுத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அங்கிருந்து சிறிது தொலைவில், போரோபுதூரில், இதற்கு நேர்மாறான காட்சி. உடல்கள் இருக்கின்றன, தலைகள் இல்லை. 504 புத்தர் சிலைகளோடு எழுந்த கட்டடம் அது. அவற்றில் முந்நூறுக்கும் மேற்பட்டவை சிதைந்தவை. பெரும்பாலானவை தலையை இழந்தவை. 43 சிலைகள் அடியோடு காணவில்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து வெளிநாட்டு மாளிகைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போனவற்றில் தலைகளே அதிகம். உடல் ஒரு வண்டிச் சுமை. தலையைப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றிவிடலாம்.

தலை போனதால் இந்தச் சிலைகள் ஊமையாகிவிட்டனவா என்றால், இல்லை. போரோபுதூர் புத்தர்கள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே முகம். எல்லோரும் சம்மணமிட்டு அமர்ந்தவர்கள். எல்லோருக்கும் வலத்தோள் திறந்த அதே சீவர ஆடை. நின்ற புத்தரோ கிடந்த புத்தரோ மாடங்களில் ஒருவர்கூட இல்லை. அமர்விலும் ஆடையிலும் முகத்திலும் வேறுபாடு வைக்காத சிற்பிகள், சொல்ல வந்த அத்தனையையும் கைகளில் வைத்தார்கள். தலையைக் கொண்டுபோனவர்கள் சிலையின் அழகைக் கொண்டுபோனார்கள். அது யார் என்ற செய்தி மடியிலேயே தங்கிவிட்டது.

காலைத் தொங்கவிட்ட புத்தர்

கைகளைப் பார்க்கப் போகுமுன் கால்களைப் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு மெந்துத்தில் இறங்க வேண்டும். போரோபுதூருக்குக் கிழக்கே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கும் சிறிய கோயில் இது. மெந்துத், பாவோன், போரோபுதூர் மூன்றும் வரைபடத்தில் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வரும். ஆண்டுதோறும் வைசாக நாளில் புத்தத் துறவிகளும் மக்களும் மெந்துத்திலிருந்து போரோபுதூருக்கு ஊர்வலமாக நடக்கிறார்கள்.

படிக்கட்டின் பக்கச் சுவர்களில் நமக்கு மிகவும் பழக்கமான கதைகள். வாயால் குச்சியைக் கவ்வியபடி பறவைகளோடு பறக்கும் ஆமையை அங்கே கல்லில் பார்த்ததும், பாட்டி சொன்ன கதை நமக்கு முன்பே கடல் கடந்து வந்திருப்பது புரியும். உள்ளே கருவறை இருட்டு. கண் பழகச் சில நொடிகள் ஆகும். பழகியபின் தெரிவது சுமார் 3 மீட்டர் உயரத்தில் அமர்ந்த புத்தர். அவர் சம்மணமிடவில்லை. அரியணையில் அரசன் அமர்வதுபோல இரு கால்களையும் கீழே தொங்கவிட்டு, பாதங்களைத் தாமரையின்மேல் ஊன்றியிருக்கிறார். சிற்ப நூலார் இதைப் பிரலம்பபாத ஆசனம் என்பார்கள். கைகள் இரண்டும் மார்புக்கு நேரே உயர்ந்து, அறவாழியை உருட்டும் தர்மசக்கர முத்திரையில் இருக்கின்றன. பீடத்தின் முகப்பில் சக்கரமும் மான்களும். காசிக்கு அருகே சாரநாத்தின் மான்காட்டில் ஐந்து சீடர்களுக்கு நிகழ்த்திய முதல் உபதேசத்தின் அடையாளம் அது. எல்லோராவின் 10ஆம் குகையிலும் புத்தர் இப்படித்தான் காலைத் தொங்கவிட்டுப் போதிக்கிறார்.

இருபுறமும் இரண்டு போதிசத்துவர்கள்: ஒருபக்கம் லோகேசுவரர், மறுபக்கம் வஜ்ரபாணி. இவர்கள் ஒரு காலை மடித்து, ஒரு காலை மட்டும் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம் சோமாஸ்கந்தர் திருமேனியில் ஈசன் அமரும் அதே அமர்வு. இந்த மூவரையும் சேர்த்துப் பார்த்தால் கால்களின் பொருள் துலங்கும். இரு காலையும் மடித்தவர் தமக்குள் போனவர். இரு காலையும் தரையில் ஊன்றியவர் உலகத்தின் முன் வந்து பேசுகிறவர். ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் வைத்திருப்பவர் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். நிர்வாணத்தின் வாசல்வரை போய், துயருறும் உயிர்களுக்காகத் திரும்பி வரச் சம்மதித்தவர். போதிசத்துவர் என்ற கருத்தைப் பல ஏடுகள் விரித்துச் சொல்கின்றன. மெந்துத் சிற்பி அதை ஒரு முழங்காலில் முடித்துவிட்டார்.

கருவறையில் ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. தாமரைப் பாதத்தருகே யாரோ பூ வைத்திருந்தார்கள். சுற்றிலும் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். அந்தக் கருவறையில் வழிபாடு மட்டும் நிற்கவில்லை.

மலையைப் போர்த்திய கல்

போரோபுதூரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் சைலேந்திர அரச மரபினர் காலத்தில் எழுந்தது. இயற்கையான ஒரு குன்றின்மேல் சுமார் 55,000 கனமீட்டர் கல்லை அடுக்கிக் கட்டினார்கள். பின்னர் சாம்பலும் காடும் மூடிக்கொண்டன. 1814இல் ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய ஆளுநர் ராஃபிள்ஸ், ஊரார் சொல்லக் கேட்டு கொர்னேலியஸ் என்ற பொறியாளரை அனுப்பிக் காட்டை வெட்டவைத்தார். 1907 முதல் 1911 வரை டச்சுக்காரர் வான் எர்ப் முதல் பெரிய சீரமைப்பைச் செய்தார். மழைநீர் உள்ளே இறங்கிச் சுவர்கள் சரியத் தொடங்கியபோது, 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் இந்தோனேசிய அரசும் யுனெஸ்கோவும் சேர்ந்து சதுரத் தளங்களைக் கல் கல்லாகப் பிரித்து, வடிகால் அமைத்து, மீண்டும் அடுக்கின. 1991இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

கீழே ஆறு சதுரத் தளங்கள். மேலே மூன்று வட்டத் தளங்கள். உச்சியில் ஒரு பெரிய தூபி. உள்ளே நுழைய வாசலோ, மண்டபமோ, கருவறையோ கிடையாது. நடப்பதற்கென்றே கட்டிய கோயில் இது. சதுரத் தளங்களின் நடைபாதைகளில் 1,460 கதைப் புடைப்புச் சிற்பங்கள். கைப்பிடிச் சுவர்களின் மேலே மாடங்கள். ஒவ்வொரு மாடத்திலும் வெளிப்பக்கம் பார்த்தபடி ஒரு புத்தர்.

இப்போது நினைத்தபடி மேலே ஏற முடியாது. முன்பதிவு செய்து, குழுவாக, உள்ளூர் வழிகாட்டியோடு, குறித்த நேரத்துக்குள் போய்வர வேண்டும். கல்படிகள் தேய்ந்துபோனதால், தாழையினத்து ஓலையில் முடைந்த ‘உபானத்’ என்ற செருப்பைக் கையில் கொடுத்து, நம் காலணியைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் குழுவுக்கு வாய்த்தவர் ஐம்பதைத் தாண்டிய ஜாவாக்காரர். அங்கே பெரியவர்களை ‘பாக்’ என்று அழைப்பது மரியாதை. நானும் அப்படியே அழைத்தேன். படியேறுமுன் அவர் எல்லோரிடமும் ஒன்றுதான் சொன்னார்: “முகத்தைப் படம் பிடியுங்கள், தடையில்லை. ஆனால் வழி தெரியாமல் போனால் கையைப் பாருங்கள்.” முதலில் வேடிக்கையாகப் பட்டது. அரைமணி நேரத்தில் அது நடைமுறைக் குறிப்பு என்று தெரிந்தது.

கிழக்கிலிருந்து வடக்குவரை

வலம் வருவது கிழக்கில் தொடங்குகிறது. கோயிலை வலப்பக்கத்தில் வைத்து நடந்தால், வலப்புறச் சுவருக்கு மேலே அடுத்த தளத்தின் மாடங்கள் தெரியும். கிழக்கு முகத்தில் முதல் நான்கு கைப்பிடிச் சுவர்களில் 26, 26, 22, 18 என்று மொத்தம் 92 புத்தர்கள். 92 பேரின் இடக்கையும் உள்ளங்கை மேல்நோக்கி மடியில் கிடக்கிறது. வலக்கை வல முழங்காலின்மேல் கவிழ்ந்து, விரல்கள் நிலத்தை நோக்கித் தொங்குகின்றன. பூமிஸ்பரிச முத்திரை, நிலந்தொட்ட கை.

கதை எல்லோரும் அறிந்தது. போதிமரத்தடியில் சித்தார்த்தர் அமர்ந்திருக்கிறார். மாரன் படையோடு வருகிறான், அம்பெய்கிறான், ஆசை காட்டுகிறான், கடைசியில் வழக்காடுகிறான். ‘இந்த இருக்கையில் அமர உனக்கு என்ன உரிமை? நீ செய்த புண்ணியத்துக்குச் சாட்சி யார்?’ அவனுக்குச் சாட்சி சொல்ல ஒரு படையே இருக்கிறது, இவருக்கு ஒருவருமில்லை. சித்தார்த்தர் வாய் திறக்கவில்லை, விரலால் நிலத்தைத் தொட்டார். பூமி சாட்சி சொன்னது. வென்றவரின் கை மேலே உயர்வதுதான் உலக வழக்கம். இங்கே வெற்றியின் கை கீழே இறங்குகிறது. இந்த முத்திரைக்குரியவர் அக்ஷோப்யர், அசைக்க முடியாதவர். அவர் திசை கிழக்கு. கதிரவன் எழும் பக்கத்தில், ஞானம் பிறந்த இரவின் கை.

தென்கிழக்கு மூலையில் திரும்புகிறோம். தெற்கு முகத்திலும் 92 பேர். தூரத்திலிருந்து பார்த்தால் கிழக்குப் புத்தர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடே தெரியாது. வலக்கை அதே வல முழங்காலின்மேல்தான் இருக்கிறது. அருகே போனால் தெரியும்: உள்ளங்கை திரும்பியிருக்கிறது. கவிழ்ந்திருந்த கை இங்கே மலர்ந்திருக்கிறது. இது வரத முத்திரை, உரியவர் ரத்னசம்பவர். மணிக்கட்டின் ஒரு திருப்பத்தில் சாட்சி கேட்ட கை கொடுக்கும் கையாகிவிட்டது. பாக் எங்கள் முன்னே தன் வலக்கையைத் தொடையில் கவிழ்த்தும் நிமிர்த்தும் காட்டினார். குழுவிலிருந்த பள்ளிப் பிள்ளைகள் இருவர் உடனே அதைச் செய்து பார்த்தார்கள். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை. நிலத்தில் ஊன்றிக்கொண்டவனால்தான் கொடுக்க முடியும் என்பதைக் கைதான் முதலில் புரிந்துகொள்கிறது.

மேற்கு முகம். அமிதாபர். வலக்கை முழங்காலை விட்டு மடிக்கு வந்து, இடக்கையின்மேல் அமர்ந்துவிட்டது. தியான முத்திரை. நம் பக்கம் அதிகம் காணக்கிடைக்கும் புத்தர் கோலமும் இதுதான். சேலம் மாவட்டம் தியாகனூரில் அமர்ந்திருக்கும் கல் புத்தருக்கும் இதே கைதான். கதிரவன் இறங்கும் திசையில் கை உள்ளே திரும்பியிருப்பதற்கு விளக்கம் வேண்டாம். அளவற்ற ஒளி என்று பெயர் கொண்டவரை, ஒளி மறையும் திசையில் அமர்த்தியிருப்பதுதான் யோசிக்க வைக்கிறது.

வடக்கு முகம். அமோகசித்தி. மடியிலிருந்த வலக்கை எழுந்து, உள்ளங்கை நம்மை நோக்கி விரிகிறது. அபய முத்திரை. தேவதத்தன் ஏவிவிட்ட நாளாகிரி என்ற மதயானை ராசகிருகத்துத் தெருவில் பாய்ந்து வந்தபோது, புத்தரின் அன்புக்கு அது அடங்கிய கதையோடு இந்தக் கையைச் சேர்த்துச் சொல்வார்கள். நடராசரின் அபயக்கரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கை சொல்வதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வடஇந்தியாவில் 1, 2ஆம் நூற்றாண்டுகளில் புத்தருக்கு மனித உருவம் கொடுக்கத் தொடங்கியபோது, மதுரா சிற்பிகள் பெரிதும் விரும்பிச் செதுக்கியதும் இந்தக் கையைத்தான்.

ஒரு சுற்று முடிகிறது. நான்கு முத்திரைகளையும் தனித்தனியே விளக்கும் நூல்கள் நிறைய உண்டு. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் ஒவ்வொன்றும் தனிச் சிலை, தனிப் பொருள். இங்கே நடந்து பார்க்கும்போதுதான் அவை ஒரே கையின் நான்கு நிலைகள் என்பது உறைக்கிறது. நிலத்துக்கு இறங்கிய கை, மலர்ந்து கொடுத்து, உள்ளே திரும்பி ஓய்ந்து, பின் பிறருக்காக எழுகிறது. இடக்கை இந்த நேரமெல்லாம் மடியை விட்டு அசையவில்லை. சிலை அசையாது, அதனால் பார்ப்பவரை நடக்கவைத்திருக்கிறார்கள். முத்திரைகளின் வரிசையை நம் கால்கள் ஓட்டுகின்றன. நின்ற இடத்தில் நின்றால் கிடைப்பது ஒரு கை. நடந்தால் கிடைப்பது ஒரு வாழ்க்கை.

பாக் சொன்னது நடைமுறைக் குறிப்பு என்றது இதனால்தான். சதுரத் தளங்களில் திருப்பங்கள் அதிகம். ஒவ்வொரு பக்கமும் மூலை மூலையாக மடங்கிப் போகிறது, இருபுறமும் சுவர். வெளியே மலையோ தென்னந்தோப்போ கண்ணில் படாது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது எளிதில் குழம்பிவிடும். மேலே ஒரு மாடத்தைப் பார்த்தால் போதும். தலையில்லாத உருவம்தான்; ஆனால் கை மலர்ந்திருந்தால் தெற்கு, உயர்ந்திருந்தால் வடக்கு. கையும் உடைந்திருந்தாலும் கவலையில்லை. பக்கத்துப் புத்தர் சொல்லிவிடுவார். திசையைக் கொண்டு கையை அறியலாம். கையைக் கொண்டு திசையை அறியலாம்.

சுவரில் ஓடும் கதை

நடைபாதையின் முதல் தளத்தில், உட்சுவரின் மேல்வரிசையில் 120 சிற்பங்கள் லலிதவிஸ்தரம் என்ற நூலைத் தழுவி புத்தரின் வாழ்வைச் சொல்கின்றன. துஷித சொர்க்கத்திலிருந்து இறங்குவதில் தொடங்கி, மாயாதேவியின் கனவு, பிறப்பு, அரண்மனை, துறவு, மாரன் போர் என்று போகும் அந்த வரிசை, சாரநாத்தின் முதல் உபதேசத்தோடு நின்றுவிடுகிறது. மகாபரிநிர்வாணம் அதில் இல்லை. பொலன்னறுவை கல்விகாரையில் 14 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் புத்தரையும், பாங்காக்கின் வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குத் தங்கம் பூசிக் கிடப்பவரையும் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அந்த நாடுகளில் விடைபெறும் புத்தர் மக்களின் மனத்தில் பெரிய இடம் பிடித்தார். போரோபுதூரைக் கட்டியவர்களுக்கோ கதை, அவர் பேசத் தொடங்கியதோடு நிறைவடைகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும்; சுவரில் கதை எங்கே நின்றதோ அந்த முத்திரைதான் உச்சியில் காத்திருக்கிறது.

அதற்கு முன்னால் ஐந்தாம் கைப்பிடிச் சுவர். 64 புத்தர்கள். இங்கே திசை வேறுபாடு முடிந்துவிடுகிறது. நாற்புறமும் ஒரே கை: வலக்கை உயர்ந்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் தொட்டு ஒரு வட்டம். விதர்க்க முத்திரை; ஆராய்ந்து எடுத்துரைக்கும் கை. நம் கோயில்களின் தெற்குக் கோட்டத்தில் ஆலமர்செல்வன் காட்டும் சின்முத்திரையைக் கண்டவர்கள் இந்த விரல்களை உடனே அடையாளம் கொள்வார்கள். வடக்கு முகத்து அபயத்துக்கும் இதற்கும் இடையே வேறுபாடு இரண்டு விரல்களின் நுனி மட்டுமே. அஞ்சாதே என்ற கை, இப்போது கேள் என்கிறது. அச்சம் தீர்ந்தவனுக்குத்தான் பாடம் ஏறும் என்பதை வரிசையே சொல்லிவிடுகிறது.

இந்த 64 பேரைப் பலரும் வைரோசனர் என்கிறார்கள். நான்கு திசைக்கும் நான்கு ததாகதப் புத்தர்கள், நடுவில் வைரோசனர் என்பது மகாயான, வஜ்ரயான மரபுகள் அறிந்த ஐவர் மண்டலம். பழைய ஜாவா மொழியில் எழுந்த ‘சங் ஹ்யாங் கமஹாயானிகன்’ என்ற நூலும் இந்த ஐவரை முத்திரைகளோடு பேசுகிறது. இந்தக் கட்டடத்தில் முத்திரைகள் ஆறு என்பதுதான் சிக்கல். ஆறாவது கை யாருடையது என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை. வைரோசனரே வேறு கோலத்தில் இருக்கிறார் என்பார் உண்டு. வஜ்ரசத்துவர் என்பாரும், வரலாற்றுப் புத்தரான சாக்கியமுனி என்பாரும் உண்டு. கட்டியவர்கள் பெயர்ப் பலகை எதையும் விட்டுச் செல்லவில்லை. கையை மட்டும் விட்டுச் சென்றார்கள்.

சல்லடைக் கல்லுக்குள்

கடைசிப் படி ஏறியதும் சுவர்கள் மறைந்து வானம் திறக்கிறது. கிழக்கே மெராபி, தெற்கே மெனோரே குன்றுகள். சிற்பக் கதைகள் முடிந்துவிட்டன. மூன்று வட்டத் தளங்களில் 32, 24, 16 என்று 72 தூபிகள். ஒவ்வொன்றும் துளையிட்ட கல்லால் ஆனது. கீழிரு வட்டங்களில் துளைகள் சாய்சதுரம், மேல்வட்டத்தில் சதுரம். உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டில் ஒரு புத்தர்.

சில தூபிகளின் மேற்பகுதி இல்லாததால் உள்ளிருப்பவர் வெளியே தெரிகிறார். அவர் கைகளைப் பார்க்கும்போதுதான் இவ்வளவு நேரம் நடந்ததன் பயன் கிடைக்கிறது. மார்புக்கு நேரே இரண்டு கைகள். கீழே 432 சிலைகளிலும் மடியை விட்டு அகலாத இடக்கை, இங்கே முதன்முறையாக எழுந்து வலக்கையோடு சேர்ந்திருக்கிறது. தர்மசக்கர முத்திரை, மெந்துத்தில் பார்த்த அதே முத்திரை. மெந்துத்தில் அது கதையின் ஒரு காட்சியாகத் தெரிந்தது. இங்கே நான்கு திசையும் ஐந்து முத்திரைகளும் கடந்து வந்தவனுக்கு, அமைதியாக இருந்த கையும் செயலில் இருந்த கையும் ஒன்று சேர்ந்ததாகத் தெரிகிறது. கீழ்த்தளத்துச் சிற்பக் கதை எங்கே நின்றதோ அங்கிருந்துதான் இவர்கள் தொடங்குகிறார்கள்.

இந்தக் கைகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கீழ்வட்டத்திலுள்ள ஒரு தூபிக்குள் இருக்கும் புத்தரை ஊரார் ‘குந்தோ பீமோ’ என்று அழைக்கிறார்கள். துளை வழியே கைவிட்டு அவரைத் தொட்டுவிட்டால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருந்தது. ஆண்கள் விரலைத் தொட வேண்டும், பெண்கள் பாதத்தைத் தொட வேண்டும் என்று அதற்கு முறையும் வகுத்திருந்தார்கள். கல் தேய்வதால் இன்று தொடுவதற்குத் தடை. தடை சரிதான். ஆனாலும் அந்த நம்பிக்கையை எளிதில் ஒதுக்க மனம் வரவில்லை. மதம் மாறி, மொழி மாறி, முத்திரையின் பெயரே மறந்துபோன மக்களும் அந்தச் சிலையின் முகத்தைத் தேடிப் போகவில்லை. கையையும் காலையும் தேடித்தான் கைநீட்டினார்கள்.

வட்டங்களின் நடுவே பெரிய தூபி. இதில் துளையில்லை. உள்ளே இரண்டு வெற்றறைகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இதன் உள்ளிருந்து ஒரு முடிவுறாத புத்தர் சிலையை எடுத்ததாகச் சொன்னார்கள். அது கட்டியவர்கள் வைத்ததா, பழுதான சிலையைப் பிற்காலத்தில் யாரோ உள்ளே போட்டதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அந்தச் சிலை இப்போது வளாகத்திலுள்ள கர்மவிபங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகம் முழுமையாகச் செதுக்கப்படவில்லை. ஆனாலும் கை நிலத்தை நோக்கியிருப்பது தெளிவாகத் தெரிகிறது.

இந்தியாவில் சாஞ்சியிலும் பார்ஹூத்திலும் தொடக்ககாலச் சிற்பிகள் புத்தருக்கு உருவமே கொடுக்கவில்லை. வெற்று இருக்கை, மரம், பாதச்சுவடு, சக்கரம் இவற்றைக் காட்டி ‘இங்கே அவர் இருக்கிறார்’ என்றார்கள். பின்னர் வந்தவர்கள் உருவம் கொடுத்தார்கள், கை கொடுத்தார்கள், கைக்கு மொழி கொடுத்தார்கள். போரோபுதூரை வடிவமைத்தவர் அந்தப் பாதையைத் திருப்பி நடந்திருக்கிறார். கீழே வெட்டவெளியில் தெரியும் புத்தர்கள், மேலே சல்லடைக் கல்லுக்குள் பாதி தெரியும் புத்தர்கள், உச்சியில் எதுவும் தெரியாத தூபி. முத்திரைகளைப் படித்து முடித்தவனுக்கு இனி முத்திரை வேண்டாம் என்பதுபோல இருக்கிறது அந்த அடுக்கு.

தலைகளின் பயணம்

மேலிருந்து இறங்கும்போது தலையிழந்த உருவங்கள் வேறு விதமாகத் தெரிகின்றன. 1896இல் சயாம் அரசர் சூலலோங்கோர்ன் ஜாவாவுக்கு வந்தபோது, டச்சு அரசு எட்டு வண்டிச் சிற்பங்களை அவருக்குக் கொடுத்து அனுப்பியது. அவற்றில் ஐந்து புத்தர் சிலைகளும் இருந்தன. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அருங்காட்சியகங்களில் போரோபுதூர்த் தலைகள் இருக்கின்றன. 1985 ஜனவரியில் தீவிரவாதிகள் வைத்த குண்டுகளில் வட்டத் தளத்தின் ஒன்பது தூபிகள் சேதமடைந்தன. இழப்புகளின் பட்டியல் நீளம்.

இங்கேயே மிஞ்சிய தலைகளிலும் சில, தமக்குரிய உடல் எதுவென்று தெரியாமல் சேமிப்பகத்தில் இருக்கின்றன. முகங்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால், எந்தத் தலை எந்தக் கழுத்துக்கு உரியது என்பதை முகத்தைக் கொண்டு சொல்ல முடியாது. உடைந்த பரப்புகள் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். தலை மட்டும் கிடைத்தால் அது நிலத்தைத் தொட்டவருடையதா, அபயம் காட்டியவருடையதா என்று கண்டறிய வழியில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியில் அழகாக இருக்கும்; ‘புத்தர் தலை, ஜாவா’ என்று பலகை சொல்லும்; அதற்குமேல் பலகையாலும் சொல்ல முடியாது. தலையில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருக்கும் உடலோ தன் பெயர், திசை, வேலை மூன்றையும் இன்றும் சொல்கிறது.

சைலேந்திரர்களுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. போரோபுதூர் எழுந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், தம்மைச் சைலேந்திர மரபினர் என்று சொல்லிக்கொண்ட ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினார்கள். அதற்கு முதலாம் ராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்ததை, லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகள் சொல்கின்றன. நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து 1856 முதல் பல ஆண்டுகளில் தோண்டியெடுத்த புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூறுக்கு மேல். அவற்றில் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நின்ற கோலத்தில் வலக்கை உயர்த்தியவர்களையும் மடியில் கைசேர்த்து அமர்ந்தவர்களையும் அங்கே பார்க்கலாம்.

எழும்பூருக்கோ வேறெந்த அருங்காட்சியகத்துக்கோ போகிறவர்களுக்கு, ஜாவாவில் கற்ற ஒரு முறையைப் பரிந்துரைப்பேன். முகத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் கால்: மடித்ததா, தொங்கியதா, ஒன்று மட்டும் இறங்கியதா, நின்றதா. அடுத்து இடக்கை: ஓய்ந்ததா, வேலை செய்கிறதா. அடுத்து வலக்கையின் உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, விரல்நுனிகள் தொடுகின்றனவா என்று பாருங்கள். இவ்வளவும் சிலையே சொல்லிவிடும். கடைசிக் கேள்விக்கு மட்டும் சிலையால் தனியாகப் பதில் சொல்ல முடியாது: இது எங்கே, எத்திசை நோக்கி, யாருக்குப் பக்கத்தில் இருந்தது? அந்தப் பதிலைச் சொல்லும் கட்டடம் இன்னும் நிற்பதுதான் போரோபுதூரின் பெரிய கொடை. அதனால்தான் அங்கே தலையிழந்த புத்தரையும் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.